பாஸ் ஜோக் அடித்தால் சிரித்தே ஆகணுமா? அலுவலகக் கிண்டலும் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை செய்யும் இடத்தில் யார் யாரைக் கலாய்க்கலாம், யார் பதிலுக்குக் கலாய்க்க முடியாது, யாருக்கு மட்டும் சிரிக்காமல் இருக்கிற வசதி இருக்கிறது என்பதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வரிசை ஒன்றும் கிடையாது, உங்களுக்கு எது வேண்டுமோ அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் ஒரு மொக்கை ஜோக் அடிக்கிறார். மொத்த டீமும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்கு மட்டும்தான் நகைச்சுவை உணர்வு இல்லையா?

உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மனிதர்கள் ஜோக்குக்காகச் சிரிப்பதே குறைவு. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில், மக்கள் கூடும் இடங்களில் இயல்பாக எழுந்த சுமார் 1200 சிரிப்புகளை மாணவர்களோடு சேர்ந்து குறித்துவைத்துப் பார்த்தார். சிரிப்புக்குச் சற்று முன்னால் சொல்லப்பட்ட வாக்கியங்களில் நகைச்சுவை என்று ஒப்புக்கொள்ளத்தக்கவை 10 முதல் 20 சதவீதம்தான். மற்றதெல்லாம் ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ ரகப் பேச்சு. கேட்பவரைவிடப் பேசுகிறவர்தான் அதிகம் சிரிக்கிறார் என்பதையும் அவர் கவனித்தார்.

சிரிப்பு என்பது பெரும்பாலும் ‘நான் உங்க பக்கம்தான்’ என்று எதிராளிக்குச் சொல்கிற தகவல். அந்த எதிராளியே உங்கள் அப்ரைசலில் கையெழுத்துப் போடுகிறவராக இருந்தால் தகவல் கொஞ்சம் உரக்கத்தான் போகும்.

அடுத்த மீட்டிங்கில் ஜோக்கை விட்டுவிட்டுக் கண்களைக் கவனியுங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொன்னவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அரை நொடிக்கும் குறைவாக எல்லாக் கண்களும் மேனேஜர் முகத்துக்குப் போய்வரும். அவர் உதடு அசைந்தால் அறை சிரிக்கும், அசையாவிட்டால் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவார். அந்த அரை நொடியில் தெரிகிற அளவுக்கு அதிகாரம் வேறு எங்கேயும் அவ்வளவு பச்சையாகத் தெரிவதில்லை.

அப்படியென்றால் எல்லோரும் நடிக்கிறார்களா?

எல்லோரும் எப்போதும் இல்லை. சிலருக்கு அந்த ஜோக் உண்மையிலேயே பிடித்திருக்கலாம். சிரிப்பு தொற்றிக்கொள்ளவும் செய்யும், பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது நமக்கும் வந்துவிடும். ஆனால் உண்மைச் சிரிப்பும் கடமைச் சிரிப்பும் எல்லோருக்கும் சம அளவில் விதிக்கப்படவில்லை. 1998இல் ஹெக்ட், லாஃபிரான்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனையில், அதிகாரம் உள்ள இடத்தில் வைக்கப்பட்டவர்கள் மனதுக்கு நன்றாக இருந்தபோது புன்னகைத்தார்கள், இல்லாதபோது விட்டுவிட்டார்கள். கீழே வைக்கப்பட்டவர்களின் புன்னகைக்கும் அவர்கள் மனநிலைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. மேலே இருப்பவருக்குப் புன்னகை இஷ்டம், கீழே இருப்பவருக்கு அது டியூட்டி.

டியூட்டி என்றால் களைப்பும் உண்டு. விமானப் பணிப்பெண்களைப் பற்றிச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983இல் எழுதியதிலிருந்து இதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று சொல்கிறார்கள். முகத்தை ஒரு மாதிரி வைத்திருப்பதும் வேலைதான், அதற்குச் சம்பளச் சீட்டில் தனி வரி மட்டும் கிடையாது. 2024இல் வெளியான ஒரு மேலாண்மை ஆய்வு இதை நேரடியாகப் பாஸ் ஜோக்கோடு கோத்துப் பார்த்தது. அடிக்கடி ஜோக் அடிக்கிற தலைவர்களின் கீழ் வேலை செய்பவர்கள் பொய்ச் சிரிப்பு அதிகம் சிரிக்கிறார்கள், அதனால் சோர்வு கூடுகிறது, வேலையில் திருப்தி குறைகிறது. மேலதிகாரிக்கு அடங்கி நடப்பதுதான் முறை என்று நினைக்கிறவர்களிடம் இது இன்னும் அதிகம். உற்சாகப்படுத்துகிறோம் என்று நினைத்துத் தினமும் பத்து ஜோக் அடிக்கிற பாஸ்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படிக்கவும்.

யார் யாரைக் கிண்டல் பண்ணலாம் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லையே. அப்புறம் எப்படி எல்லோருக்கும் தெரிகிறது?

சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது, அதுதான் ஆச்சரியம். கிண்டல் கீழ்நோக்கித்தான் ஓடும். இதை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் ரோஸ் கோசர் என்ற சமூகவியலாளர். ஒரு மனநல மருத்துவமனையில் ஊழியர் கூட்டங்களில் உட்கார்ந்து யார் ஜோக் அடித்தார்கள், யாரைக் குறிவைத்து அடித்தார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார், 1960இல் கட்டுரை வந்தது. மூத்த மருத்துவர்கள்தான் அதிகம் ஜோக் அடித்தார்கள், அதற்கு அடுத்து இளையவர்கள், மருத்துவர் அல்லாத ஊழியர்கள் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. மூத்தவர்கள் இளையவர்களைக் கலாய்த்தார்கள். இளையவர்கள் நோயாளிகளையோ நோயாளிகளின் சொந்தக்காரர்களையோ தங்களையோ கிண்டல் செய்தார்களே தவிர, அறையில் உட்கார்ந்திருந்த மூத்தவரை ஒருவரும் தொடவில்லை.

இத்தனைக்கும் அந்த இளையவர்கள் ஊமைகள் இல்லை. பெரியவர்கள் இல்லாத இடத்தில் நன்றாகவே பேசியிருப்பார்கள்.

இது நம் ஊர் அறிவுக்குப் புதிதும் இல்லை. மன்னரைச் சேர்ந்தொழுதல் அதிகாரத்தில் வள்ளுவர், பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இன்னொருவர் காதில் கிசுகிசுக்கவும் கூடாது, இன்னொருவரோடு சேர்ந்து சிரிக்கவும் கூடாது என்கிறார் (குறள் 694). மரியாதைக்காக மட்டும் அல்ல. அதிகாரத்தில் இருக்கிறவர் அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டால் முதலில் நினைப்பது ‘என்னைப் பற்றித்தானோ’ என்றுதான். உங்கள் மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்க்கிறாரே, அதே பார்வை.

எங்கள் டீமில் அந்த மாதிரி எல்லாம் இல்லை. எல்லோரும் எல்லோரையும் கலாய்ப்போம். இதில் எங்கே அதிகாரம் வந்தது?

இருக்கலாம், அப்படிப்பட்ட டீம்கள் உண்டு, அவை அருமையானவையும்கூட. டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் ஒரு தொழிற்சாலையில் தானே தொழிலாளியாகச் சேர்ந்து, நாள் முழுக்க ஒரே அச்சை அழுத்திக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்தார். அங்கே ஒருவர் தினமும் மதியத்துக்கென்று ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார், இன்னொருவர் தினமும் காலையிலேயே அதைத் திருடி ‘வாழைப்பழ நேரம்!’ என்று கத்திக்கொண்டே தின்றுவிடுவார், பழத்துக்குச் சொந்தக்காரர் தினமும் சண்டை போடுவார், மறுநாள் மறுபடியும் பழம் கொண்டுவருவார். இந்தக் கூத்து இல்லாவிட்டால் அந்த வேலையில் பைத்தியம் பிடித்திருக்கும் என்பதுதான் ராய் கண்டது. 1959-60இல் வெளியான அந்தக் கட்டுரையை இன்னும் படிக்கிறார்கள்.

ஆனால் அதே கட்டுரையின் மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் குழுவில் கொஞ்சம் மேலே இருந்தவரின் பெண், ஒரு பேராசிரியரின் மகனைக் கல்யாணம் செய்திருந்தாள். அவருக்கு அந்தச் சம்பந்தத்தில் பெருமை. ஒருநாள் மற்றவர்கள் விளையாட்டாக அந்தப் பேராசிரியரின் அந்தஸ்தையே கேலி செய்துவிட்டார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். பல நாட்களுக்கு அந்த மூலையில் பேச்சும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. எல்லோரையும் எல்லோரும் கலாய்க்கலாம் என்று இருந்த இடத்திலும் ஒரு வேலி இருந்திருக்கிறது, மிதிக்கிறவரை யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் டீமைச் சோதிக்க ஒரு வழி. ஒருவர் ‘இன்னைக்கு வேண்டாம், மூடு சரியில்லை’ என்று சொன்னால் கிண்டல் நிற்கிறதா? ஆள் யாராக இருந்தாலும் நிற்கிறதா, அல்லது குறிப்பிட்ட சிலர் சொன்னால் மட்டும்தானா? அப்புறம், சம்பளத்தில் கடைசியில் இருப்பவர் கடைசியாக உங்களை எப்போது கலாய்த்தார்? ஞாபகத்துக்கு வரவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

எங்கள் பாஸ் எதையும் உத்தரவாகச் சொல்ல மாட்டார், எல்லாம் ஜோக்தான். நல்ல மனுஷன்தானே?

நல்ல மனுஷனாகவே இருக்கலாம். ஆனால் ஜோக்காகச் சொன்ன உத்தரவும் உத்தரவுதான், சில சமயம் நேரடி உத்தரவைவிட அதற்குப் பலம் அதிகம்.

ஆபீஸ் நேரம் 6 மணிவரை. ஒருவர் 6:05க்குப் பையை எடுத்து மாட்டுகிறார். பாஸ் தன் இடத்தில் இருந்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: “என்ன, இன்னைக்கு அரை நாள் லீவா?” எல்லோரும் சிரிக்கிறார்கள், பையை மாட்டியவரும் சிரிக்கிறார். மறுநாள் ஏழுக்கு முன்னால் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழவில்லை. மெயில் இல்லை, சர்க்குலர் இல்லை, ஓவர்டைம் பேச்சே இல்லை. யாராவது ஹெச்ஆரிடம் போய் ‘கூடுதல் நேரம் உட்காரச் சொல்கிறார்’ என்று புகார் கொடுத்தால், ‘நான் எப்போ சொன்னேன்?’ என்று அவர் கேட்பார், அதுவும் உண்மைதான்.

நியூசிலாந்தில் ஜேனட் ஹோம்ஸ் என்ற மொழியியலாளரும் அவர் குழுவும் 1996 முதல் அலுவலக உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்துவந்தார்கள். அவர்கள் கண்டவற்றில் ஒன்று இது. அதிகாரம் உள்ளவர்கள் ஒரு கட்டளையை, கண்டனத்தை, மறுப்பை நகைச்சுவையில் பொதிந்து கொடுக்கிறார்கள். கேட்பவருக்குக் கசப்புத் தெரியாது, ஆனால் எதிர்க்கவும் முடியாது, ஏனென்றால் எதிர்ப்பதற்கு அங்கே வெளிப்படையாக ஒன்றுமே இல்லை. அவர் எழுதியதில் எனக்கு அதிகம் பிடித்தது அடுத்த பாதி: கீழே இருப்பவர்களும் அதே உத்தியைத் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். நேரடியாகச் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுகிற ஒரு விஷயத்தை ஜோக்காகச் சொல்லிவிட்டு நழுவலாம்.

ஆகவே அரை நாள் லீவுக்காரர் சிரித்த முகத்தோடே, “ஆமாம் சார், பாக்கி அரை நாளை நாளைக்குக் காலையில வந்து பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தால் பெரும்பாலும் நடக்க முடியும். ஒரு தடவைதான் செல்லும். இரண்டாவது தடவை அதே வசனத்தைச் சொன்னால் அது சண்டை.

சக ஊழியர்களே கிண்டல் பண்ணி வேலை வாங்குகிறார்கள். அது எந்தக் கணக்கு?

அதே கணக்குதான், பாஸ் இல்லாமலே நடக்கிறது, அவ்வளவுதான். டேவிட் காலின்சன் என்ற ஆய்வாளர் 1988இல் இங்கிலாந்தின் ஒரு லாரித் தொழிற்சாலையைப் பற்றி எழுதியதில் இது அழகாக வருகிறது. அங்கே தொழிலாளர்கள் நிர்வாகத்தை நக்கல் அடித்தார்கள், அது எதிர்ப்பு. அதே வாயால், போனஸைக் கெடுக்கிற மாதிரி மெதுவாக வேலை செய்தவனையும் விடாமல் ஓட்டினார்கள், அது நிர்வாகத்துக்கு இலவச மேற்பார்வை. கிண்டலைத் தாங்க முடியாதவன் ஆம்பளையே இல்லை என்ற ஒரு விதியும் கூடவே இருந்தது. எத்தனையோ ஆபீஸ்களில் தொழிற்சாலை மட்டும்தான் மாறியிருக்கிறது.

‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், இதைக்கூடத் தாங்க மாட்டியா?’ இதற்கு என்ன பதில் சொல்வது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். முதலில் அந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். எடுபட்டால் சொன்னதாகக் கணக்கு, எடுபடாவிட்டால் சொல்லாததாகக் கணக்கு. அதோடு பிரச்சினை அவர் வாயிலிருந்து உங்கள் மனசுக்கு இடம் மாறிவிடுகிறது: கிண்டல் தப்பில்லை, நீங்கள் தொட்டாற்சுருங்கியாக இருப்பதுதான் தப்பு. அதனால் ‘எனக்கு மனசு கஷ்டமாயிருக்கு’ என்று நீங்கள் தொடங்கினாலே அவர் போட்ட கோட்டுக்குள் போய்விடுகிறீர்கள்.

சமமான பதவியில் இருப்பவரிடம் எடுபடுகிற ஒரு வழி, ஜோக்கை விளக்கச் சொல்வது. கோபம் இல்லாமல், நிஜமாகவே புரியாத முகத்தோடு, “புரியலையே, இதுல எது சிரிப்பு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘இல்லப்பா, நீ அந்த ஊர்க்காரன்ல, அதனால…’ என்று தொடங்கி அவராகவே பாதியில் நிறுத்துவார். நிறுத்தாமல் முழுதும் சொல்லி முடித்துவிட்டால் அது ஜோக் இல்லை, அவருடைய அபிப்பிராயம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கேட்டபிறகு வருகிற மௌனத்தை மட்டும் நீங்களே சிரித்து உடைத்துவிடக் கூடாது, நம்மில் பாதிப் பேர் அங்கேதான் தோற்கிறோம்.

மேலதிகாரியிடம் இதை எல்லோர் முன்னாலும் செய்யாதீர்கள். சபையில் முகம் போனால் அவர் அதைத் திரும்ப எடுக்கத்தான் பார்ப்பார், எடுக்கும் இடம் உங்கள் அப்ரைசலாக இருக்கும். தனியாக, சின்னதாக, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: “என் இங்கிலீஷைப் பத்தி க்ளையன்ட் முன்னாடி சொன்னீங்க. அதுக்கப்புறம் அவர் என்கிட்ட எதுவும் கேட்கறதே இல்லை, எல்லாத்தையும் உங்களையே கேட்கிறார். வேலை நடக்க மாட்டேங்குது.” மனக்கஷ்டத்தை விட்டுவிட்டு வேலைக்கு என்ன ஆயிற்று என்று சொன்னால் ‘தாங்க மாட்டியா’ என்ற வசனத்துக்கு அங்கே இடமே இல்லை.

அதோடு எழுதிவையுங்கள். தேதி, அப்படியே சொன்ன வார்த்தை, யார் யார் இருந்தார்கள். ஒரு ஜோக் எப்போதும் அற்பமாகத்தான் தெரியும், அது அதன் இயல்பு. பதினைந்து ஜோக் வரிசையாக ஒரு தாளில் இருந்தால், அதுவும் எல்லாமே ஒரே ஆளைக் குறிவைத்து இருந்தால், யாருக்கும் சிரிப்பு வராது.

நோக்கம் கெட்டதாக இருந்தால்தான் குற்றம் என்பதும் இல்லை. பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை, தீங்கு செய்யும் நோக்கம் உள்ள நடத்தையை மட்டும் சொல்லவில்லை. தீங்கில் முடிகிற, முடியக்கூடிய நடத்தையையும் சேர்த்தே சொல்கிறது, ஒரே ஒரு தடவை நடந்தாலும்கூட. உங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாலியல் ரீதியான ‘ஜோக்’ என்றால் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள், புகார்க் குழு இருந்தால் அங்கே போங்கள்.

பெண்கள் ஜோக் அடித்தால் ஏன் அதே வரவேற்பு இல்லை?

ஏனென்றால் ஜோக் கேட்கும்போது நாம் ஆளையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். மேலே சொன்ன மருத்துவமனையில் கோசர் குறித்த 103 ஜோக்குகளில் 99 ஆண்கள் அடித்தவை. பெண்கள் அங்கே நன்றாகச் சிரித்தார்கள், சொல்லவில்லை. அது 1960, இப்போது மாறியிருக்கும் என்பீர்கள். 2019இல் வெளியான ஒரு ஆய்வில் ஒரே பேச்சை, அதே ஜோக்குகளோடு, ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் மேனேஜராக நடிக்கவைத்துப் பேசச் சொல்லி, பார்த்தவர்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். ஜோக் சேர்த்ததும் ஆணின் மதிப்பு ஏறியது, பெண்ணின் மதிப்பு இறங்கியது. அவர் சொன்னால் சமயோசிதம், இவர் சொன்னால் வேலையில் கவனம் இல்லை.

அதனால் பெண்கள் ஜோக் அடிக்கக் கூடாது என்று முடிவுகட்டுகிற அறிவுரைகளைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக இருக்கும். மாற வேண்டியது மதிப்பெண் போடுகிற கை. மீட்டிங்கில் ஒரு பெண் சொன்ன நல்ல ஜோக் யாரும் கண்டுகொள்ளாமல் போய், ரெண்டு நிமிஷம் கழித்து அதையே ஒரு ஆண் திருப்பிச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறபோது, ‘அதை இப்பதானே அவங்க சொன்னாங்க’ என்று நீங்கள் சொல்லலாம். ஒரு செலவும் இல்லை.

பாஸ் தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொள்கிறார். நாங்களும் சேர்ந்துகொள்ளலாமா?

சிரிக்கலாம். அவர் தன் வழுக்கையைப் பற்றி ஒரு வரி சொன்னால் அடுத்த வரியை நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். தன்னைக் கிண்டல் செய்துகொள்வது அவர் தருகிற தளர்வு, அவர்தான் அளவையும் வைத்திருக்கிறார்.

ஆனால் பாஸிடமிருந்து வரக்கூடிய நகைச்சுவையில் இதுதான் குறைந்த ஆபத்து என்று நினைக்கிறேன். இழக்க நிறைய இருப்பவர் கொஞ்சம் இழந்து காட்டுகிறார். இதையே கீழே இருப்பவர் செய்தால் பலன் வேறு: ‘எனக்குக் கணக்கே வராது சார்’ என்று நாலு தடவை ஜோக்காகச் சொன்னால் ஐந்தாவது தடவை பட்ஜெட் வேலை உங்களுக்கு வராது. நகைச்சுவைப் பாணிகளை ராட் மார்ட்டின் என்ற உளவியலாளரின் குழு 2003இல் நான்காகப் பிரித்தபோது, மற்றவர்களைச் சிரிக்கவைக்கத் தன்னைத் தாழ்த்திக்கொள்கிற பழக்கத்தைத் தனியாக வைத்தார்கள், நலம் தராத பக்கத்தில்.

நேற்றுவரை சேர்ந்து கலாய்த்தவர்களுக்கு இன்று நான் டீம் லீட். நான் மாற வேண்டுமா?

உங்கள் ஜோக் மாறாவிட்டாலும் அதன் எடை மாறிவிட்டது. ‘இவனுக்கு வேலை கொடுத்தா விளங்கிடும்’ என்று நண்பனாகச் சொன்னது அன்பு, அதையே லீடாகச் சொன்னால் அவன் ராத்திரி தூக்கம் போகும். வேலைத்திறமை, லீவு, சம்பளம், உடம்பு, குடும்பம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அதைத் தவிர உலகத்தில் சிரிக்க நிறைய இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் எதைக் கிண்டல் செய்கிறீர்களோ அது அங்கே அனுமதிக்கப்பட்டதாக ஆகிவிடும். 2018இல் வந்த ஒரு ஆய்வு, நகைச்சுவை உள்ள தலைவர்களின் கீழ் ஊழியர்கள் வேலையில் ஈடுபாடு காட்டுகிறார்கள் என்றது, கூடவே விதி மீறுவதும் அதிகமாகிறது என்றும் சொன்னது. குறிப்பாகத் தலைவரின் நகைச்சுவை ஆட்களைக் குத்துவதாக இருந்தால். சேஃப்டி விதியைப் பற்றியோ செலவுக் கணக்கு பில்லைப் பற்றியோ லீட் நக்கல் அடித்தால், கேட்டவர் அதைச் சுற்றறிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

பழைய நண்பர்கள் நீங்கள் வந்ததும் பேச்சை மாற்றுவார்கள். வருத்தமாக இருக்கும்தான். ‘என்னடா சிரிப்பு, சொல்லுங்க’ என்று போய் நிற்காதீர்கள். உங்களைப் பற்றிச் சிரிக்க அவர்களுக்கு ஒரு இடம் வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் பாஸைக் கலாய்ப்பது தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். அதிகாரம் இருக்கும் இடத்தில் எல்லாம் அதன் காதுக்கு எட்டாத ஒரு பேச்சும் இருக்கும். ஜேம்ஸ் ஸ்காட் என்ற அரசியல் அறிஞர் மலேசியாவின் ஒரு நெல் விவசாயக் கிராமத்தில் ஏழைகள் பணக்காரர்களைப் பற்றி மறைவில் பேசிய கேலியையும் வைத்த பட்டப்பெயர்களையும் 1985இல் விரிவாக எழுதினார், எதிர்க்க வேறு கருவி இல்லாதவர்களின் ஆயுதம் அது என்று. கேன்டீனில் பாஸ் மாதிரி நடந்துகாட்டுகிறவர் அந்த வரிசையில் வருகிறவர்தான்.

ஆனால் அதை எதிர்ப்பு என்றே நினைத்துக்கொள்வதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஃபிளெமிங், ஸ்பைசர் என்ற இருவர் 2003இல் எழுதியது யோசிக்கவைத்தது: நிறுவனத்தை நக்கல் அடித்துக்கொண்டே இருப்பவர், தான் அதன் பேச்சுக்கு மயங்காத ஆள் என்ற திருப்தியோடு, நிறுவனம் சொன்ன வேலை அத்தனையையும் செய்துமுடித்துவிடுகிறார். மூன்று வருடமாகக் கேன்டீனில் ஒரே பிரச்சினையை வைத்து ஜோக் அடிக்கிறீர்கள், மேலே யாரிடமும் அது போகவில்லை என்றால், அந்த ஜோக் பாஸுக்குத்தான் உதவியாக இருக்கிறது.

ஆபீஸில் ‘ஃபன் டே’ என்று கட்டாயமாகக் கூத்தடிக்கச் சொல்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லலாமா?

பிரான்சில் ஒருவர் சொல்லி, வழக்கும் ஜெயித்திருக்கிறார். நிறுவனத்தின் ‘வேடிக்கை’க் கலாச்சாரத்தில் சேரவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி 2015இல் வேலையை விட்டு நீக்கினார்கள். 2022 நவம்பரில் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அதில் சேராமல் இருப்பது அவருடைய கருத்துச் சுதந்திரம் என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு அந்த அளவு போக வேண்டியிருக்காது. வந்து பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனால் பொதுவாக யாரும் கேட்பதில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஜோக் அடித்தால் பேர் கிடைக்குமா, கெடுமா?

இரண்டும் நடக்கும். 2017இல் வந்த ஆய்வுகள் சொன்னது: எடுபட்ட, இடத்துக்குப் பொருந்துகிற ஜோக் சொன்னவரின் மதிப்பை ஏற்றுகிறது, பொருந்தாத ஜோக் இறக்குகிறது. தைரியசாலி என்ற பெயர் மட்டும் இரண்டிலும் மிஞ்சும். முதல் சில வாரம் மற்றவர்கள் சொல்வதற்குச் சிரித்துக்கொண்டிருங்கள், யாரை யாரும் தொடுவதில்லை என்று பார்த்துவையுங்கள். முதல் ஜோக் ஆள் மேல் வேண்டாம், பிரின்டர் மேல் இருக்கட்டும்.

எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பிடிக்கவில்லை.

ஒட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், வைத்தவரிடம் நேராக, ‘பேர் சொல்லியே கூப்பிடுங்க’ என்று. அப்புறம் அந்தப் பெயருக்குத் திரும்பாதீர்கள், காது கேட்காதவர் மாதிரி. கொஞ்ச நாள் ஆகும்.

பாஸைக் கலாய்த்துப் போட்ட மெசேஜ் தவறுதலாக பாஸ் இருக்கிற குரூப்பிலேயே போய்விட்டது. என்ன செய்ய?

அதை அழித்துவிடுங்கள், ஆனால் அழித்ததும் அங்கே தெரியும், யாராவது அதற்குள் படித்தும் இருப்பார்கள். அவர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே அவர் இடத்துக்குப் போங்கள், கதவைச் சாத்திக்கொண்டு, ‘அப்படி எழுதியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கங்க’ என்று சொல்லிவிட்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். குரூப்பில் யார் யார் இதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டால் பெயர் சொல்லாதீர்கள். சும்மா விளையாட்டுக்கு என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், அந்த வசனம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேட்பவருக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.